மூன்று லிட்டர்

வாலிநோக்கத்தில் முதல் நாள்
புறநோயாளிப் பதிவேட்டில் நான் எழுதியதைத்
தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்:
சண்முகக்கனி, 34, பெண், உப்பளம்.
நீர்க்கடுப்பு, ஆறு நாளாய்.
இந்த வருடத்தில் நாலாம் தடவை.
சிப்ரோ, காலை ஒன்று, இரவு ஒன்று.
“நிறையத் தண்ணி குடிங்கம்மா,
ஒரு நாளைக்கு மூணு லிட்டர்.”

விரல்களை வேறு விரித்துக் காட்டினேன்.

நான் ஏதோ விலை சொல்வதுபோல
அந்த மூன்று விரலைப் பார்த்தாள்.
சரியென்று தலையாட்டி
மாத்திரையை முந்தியில் முடிந்துகொண்டு போனாள்.

“கடல் தெரியுதா?” என்று
போனில் அப்பா கேட்டார், தர்மபுரியிலிருந்து.
தெரியுது.
குழாயில்தான் எதுவும் வரல.

சுகாதார நிலையத்தில் கழிப்பறை உண்டு.
கதவு உண்டு, தாழ்ப்பாள்கூட உண்டு.
லாரி வரும் நாளில்
முதல் குடம் பிரசவ அறைக்கு,
அடுத்தது தையல் போடும் அறைக்கு.
எங்களுக்கு என்று ஒரு குடம்
எப்போதும் அடுத்த லாரியில் இருந்தது.
சிஸ்டர் ஜெசிந்தா
காலையில் சாயல்குடியில் போய்விட்டு வந்தால்
மறுபடி சாயல்குடியில்தான்.
“பழகிரும் டாக்டர்” என்றாள்.
பழகியது. மதியம் வரை ஒரு வாய்,
அப்புறம் அதுவும் இல்லை.

வியாழக்கிழமை உப்பளத்தில் முகாம்.
உப்பு மூட்டை மேல் பிரஷர் கருவி.
கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை;
பாத்தி, பாத்தி, பாத்தி,
தூரத்தில் அம்பாரம், அதன் நிழலில் கங்காணியின் பைக்.
கருவை மரம் மண்டிய இந்தச் சீமையில்
இங்கு மட்டும் ஒரு செடி இல்லை.
பெண்கள் கேனைச் சாய்த்து
வாயை நனைத்துத் துப்பினார்கள்.
ஏன் துப்புறீங்க என்றேன், படித்தவள்.

“குடிச்சா வருமே”
என்றாள் சண்முகக்கனி.
வாருபலகையை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்,
நானும் அவளோடு பார்க்கட்டும் என்று.
“எங்கிட்டுப் போயி ஒதுங்க?”

எட்டுத் திக்கும் உள்ளங்கை மாதிரிக் கிடந்தது.

பத்தொன்பதாம் நாள் எனக்கு எரிந்தது.
சொட்டுச் சொட்டாய்,
கண்ணில் நீர் வரும்படி.
என் நீரில் நானே பட்டையை நனைத்து
நிறம் மாறக் காத்திருந்தேன்.
“யாருக்கு?” என்றார்
மருந்தாளுநர் சேகு மதார், மாத்திரை எண்ணியபடி.
பிறகு நிமிராமலே பத்தை எண்ணித் தந்தார்.
பதிவேட்டில் எழுதினேன்:
நிறைமதி, 23, பெண்.
தொழில் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
அறிவுரை என்ற கட்டத்தில்
இன்னும் கொஞ்ச நேரம் நின்றது.

அன்று இரவு பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
தை முதல் அறுபத்தொரு பெண்கள், இதே எரிச்சல்.
உப்பளம், உப்பளம், உப்பளம், மீன் கம்பெனி, உப்பளம்.
அறுபத்தொரு தடவையும்
ஏதோ ஒரு கையெழுத்து சொல்லியிருக்கிறது
நிறையத் தண்ணீர் குடிக்கவும்.
கடைசிக் கையெழுத்து என்னுடையது.

மாதாந்திரத் தேவைப் பட்டியல் என் பொறுப்பு.
கையுறை இருநூறு ஜோடி,
சிப்ரோ ஆயிரம்,
உப்பளத்துக்குக் கழிப்பறை இரண்டு, தண்ணீருடன்,
பஞ்சு, ஐந்து கட்டு.

வட்டாரத்திலிருந்து போன்:
“என்னம்மா, மருந்து இண்டென்ட்ல கக்கூஸ்?”
மருந்துதான் சார் என்றேன்.
அந்தப் பக்கம் சிரிப்பா இருமலா தெரியவில்லை.
பஞ்சும் கையுறையும் வந்தன.
சிப்ரோ ஐந்நூறு வந்தது.

ஐந்தாவது தடவை வந்த சண்முகக்கனி
என் கையையே பார்த்தாள்.
“இன்னைக்கு எத்தன லிட்டருன்னு சொல்லல?”

பேரம் பேசினோம்.
விடியுமுன் ஒரு சொம்பு.
வேலை விட்டு வந்ததும் இரண்டு.
படுக்குமுன் எத்தனை முடியும் என்றேன்.
“ராத்திரிக்கு எம்புட்டு வேணுன்னாலும் குடிப்பேன்” என்றாள்,
“இருட்டுக்கு யாருகிட்ட இண்டென்ட் போடணும்?”

சேகு மதார் மாத்திரை எண்ணுவதை நிறுத்தினார்.
சிஸ்டர்தான் சொல்லியிருக்க வேண்டும்,
ஊருக்கே.